யார் கையால் சாப்பிட்டார்?

போன மாதம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி, தான் எழுதிய துப்பறியும் கதையைக் கொண்டுவந்து கொடுத்தான். இடம் ஏற்காடு. விடாத மழை. காப்பி எஸ்டேட் பங்களா. முதலாளி சாய்வு நாற்காலியில் செத்துக் கிடக்கிறார். பக்கத்து முக்காலியில் பாதி குடித்த காப்பி. இன்ஸ்பெக்டர் குனிகிறார், பிணத்தின் வாய்ப்பக்கம் மூக்கைக் கொண்டுபோகிறார், நிமிர்ந்து நின்று சொல்கிறார்: “கசப்பு பாதாம் வாசனை. சயனைடு.”

“தம்பி, கசப்பு பாதாம் எப்படி மணக்கும்?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். “தெரியலீங்கண்ணா.”

“உன் இன்ஸ்பெக்டர் எந்த ஊரு?”

“ஆத்தூர்.”

“அப்ப அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?”

சிரித்துவிட்டான். நானும்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய முதல் கதையிலும் இதே பாதாம் மணந்தது.

செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் பாதாம் மூட்டை மூட்டையாக இறங்குகிறது. அத்தனையும் இனிப்புப் பாதாம். கசப்பு பாதாம் வேறு ரகம். ஐரோப்பாவில் தின்பண்டங்களுக்கு மணம் ஏற்ற அதன் சாரத்தைச் சேர்ப்பார்கள். அங்கே வளர்ந்தவருக்கு அது சின்ன வயசில் தின்ற கேக்கின் வாசனை. அதனால் அங்கே எழுதிய கதையில் அந்த ஒரு வரி சுருக்கென்று தைக்கிறது. நமக்கு மணம் தெரியாது. பாதாம் என்றால் சயனைடு என்று பழைய நாவல்கள் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு மட்டும் தெரியும். போதாததற்கு, சயனைடின் வாசனையை முகரும் திறன் எல்லா மூக்குக்கும் வாய்ப்பதில்லை. பிறவியிலேயே அது இல்லாதவர்கள் நிறையப் பேர். சந்தேகத்துக்குரிய பிணத்தின் வாயருகே மூக்கை நீட்டுவதும் புத்திசாலித்தனம் கிடையாது.

இன்னொரு வாய்ப்பாடு, உடம்பு செர்ரிப் பழம் போலச் சிவந்திருக்கும் என்பது. வெளுத்த தோலைப் பார்த்து எழுதிய வரி அது. நம் நிறத்து உடம்பில் அந்தச் சிவப்பைத் தேட வேண்டுமானால் டாக்டர் உதட்டின் உட்புறத்தையும் நகக்கண்ணையும் இமையின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. கார்பன் மோனாக்சைடில் செத்தவருக்கும் அதே சிவப்புதான். எழுதுகிறவனுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மலைக்குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரியடுப்பு மூட்டிய அறையா, காப்பியா என்று ஐம்பது பக்கம் வாசகரை அலைய விடலாம்.

சயனைடு பற்றி எழுத சேலத்துக்காரனுக்குப் பாதாம் எதற்கு? குச்சிக்கிழங்கு இருக்கிறதே.

நம் பக்கத்தில் ஜவ்வரிசித் தொழில் 1940-களில் தொடங்கியது. 1981-ல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வைத்தார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனைக்கும் மூலம் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு. அதன் இலையிலும் தோலிலும் கிழங்கிலும் லினமாரின் என்றொரு பொருள் இருக்கிறது. செடி முழுசாக நிற்கிறவரை அது சாது. இலையைக் கடித்து மெல்லும்போது செல்கள் உடைந்து, அதுவரை ஒதுங்கியிருந்த நொதி ஒன்று லினமாரினோடு சேர்கிறது. ஹைட்ரஜன் சயனைடு பிரிகிறது. தன்னைத் தின்ன வருகிறவர்களுக்குச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு.

எனக்கு அப்போது எட்டு வயசு. ஆத்தூர் பக்கம் அம்மாயி வீடு. கட்டுத்தறியிலிருந்து அவிழ்ந்துபோன வெள்ளாடு ஒன்று எங்கேயோ மேய்ந்துவிட்டு மதியம் திரும்பி வந்தது. வாசலை மிதிக்கும்போதே கால் பின்னியது. திண்ணையோரம் சாய்ந்து படுத்தது, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. கடைவாயில் நுரை. அம்மாயி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டின் வாயை விரலால் விலக்கி, பல்லிடுக்கில் ஒட்டியிருந்த பச்சைத் துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். “கிழங்குத் தழை” என்றாள். பிறகு மேற்கே கைகாட்டி, எந்தக் காட்டில் மேய்ந்திருக்கும் என்றும் சொன்னாள். அங்கேதான் போன வாரம் பெய்த மழைக்குப் புதுத்துளிர் விட்டிருந்தது. மாட்டு டாக்டருக்கு ஆள் போய்த் திரும்புவதற்குள் ஆடு அடங்கிவிட்டது.

அந்த ஆட்டுக்குக் காற்றில் குறைவில்லை, ரத்தத்தில் ஆக்சிஜனுக்கும் குறைவில்லை. அதை எடுத்துப் பயன்படுத்தும் நொதியைச் செல்லுக்குள் சயனைடு அடைத்துவிட்டது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் சாவது மாதிரி. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாயி பார்த்ததோ எங்கே மேய்ந்தது, எவ்வளவு நேரத்தில் விழுந்தது, வாயில் என்ன மிச்சம் என்கிற மூன்றைத்தான். அன்று சாயங்காலம் அதே கிழங்கைத் தோலுரித்து, நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, வடித்து எங்களுக்குக் கொடுத்தாள். நாங்களும் தின்றோம்.

விஷக்கதை எழுத உட்காருகிற எவரையும் நான் முதலில் அந்தத் திண்ணைக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். விஷத்தின் பெயர் கடைசியில் வரட்டும். யார் கையால், எந்த வேளையில், எந்தப் பாத்திரத்தில் என்பது முதலில். கத்திக்கும் துப்பாக்கிக்கும் விரோதி போதும். விஷத்துக்கு வேண்டியவர் வேண்டும். செத்தவர் நம்பிச் சாப்பிட்ட கை ஒன்று இருந்தாக வேண்டும்.

தமிழில் எழுதுகிறவனுக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. நாம் விஷத்தை விஷம் என்று சொல்வதே குறைவு. கடையில் கேட்பது எலி மருந்து. வயலுக்கு அடிப்பது பூச்சி மருந்து. “மருந்து குடிச்சிட்டான்” என்று ஊருக்குள் சேதி வந்தால் யாருக்கும் காய்ச்சல் மருந்து நினைவுக்கு வராது. மகன் பெண்டாட்டி பக்கம் சாய்ந்துவிட்டால் “அவ சோத்துல மருந்து வெச்சுட்டா” என்பாள் மாமியார். அந்த இடுமருந்தை எடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஆட்களும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆக, விசாரணையில் ஒரு பெண் “ராத்திரி எட்டு மணிக்கு மருந்து குடுத்தேனுங்க” என்று சொன்னால் அது என்ன வாக்குமூலம்? இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு நாவலே எழுதலாம். வேறு மொழிக்குப் பெயர்க்கவும் முடியாது. ஆனால் நிஜத்தில் இந்த மருந்துச் சாவுகள் பெரும்பாலும் கொலை கிடையாது, யாரோ மனசு உடைந்த ஒரு ராத்திரி. கதைக்காக அந்தச் சொல்லைத் தொடும்போது எனக்குக் கை கொஞ்சம் தயங்கும்.

சாப்பாட்டு முறைக்கு வருகிறேன். ஆங்கிலக் கதைகளில் ஆளுக்கொரு கோப்பை, ஆளுக்கொரு தட்டு, படுக்கையறைக்குத் தனியாகப் போகும் பால். ஒருவரை மட்டும் குறிவைப்பது சுலபம். நம் வீட்டில் ஒரே குண்டான் சோறு, ஒரே சட்டிக் குழம்பு. குழம்பில் கலந்தால் வீடே போய்விடும். பரிமாறுகிற அம்மா கடைசியில் சாப்பிடுகிறாள், அடிச்சட்டி அவளுக்கு. பலகாரத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை பிய்த்துக்கொண்டு ஓடும். இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரே ஒருவர் வாய்க்கு மட்டும் போகிற பண்டம் எது என்பதுதான் தமிழ் விஷக்கதையின் முதல் கணக்கு. சர்க்கரைக்காரருக்குத் தனியாகப் போடும் காப்பி. விரதக்காரருக்குப் பலகாரம். தாத்தாவின் லேகியம். வெற்றிலைப் பெட்டியில் தனியாக இருக்கும் சுண்ணாம்பு டப்பா.

நமக்கென்று ஒரு சோதனைக்காரரும் இருக்கிறார்: காக்காய். அமாவாசையன்று, திதியன்று முதல் கவளம் மதில்மேல் போகிறது. காக்காய் தின்றுவிட்டு எப்போதும்போல் கரைந்துகொண்டு பறந்துபோனது என்றால் சமையலறையிலிருந்து வந்தவரை சோறு சுத்தம். கெட்டது இலைக்கு வந்த பிறகு. பந்தி முடிந்து எறிந்த இலைகளை மேய்ந்த மாடு மறுநாள் செத்துக் கிடந்தால், போலீஸ் வருவதற்குள் தடயத்தைக் கழுவிவிட்டோம் என்று நினைத்தவனுக்கு வயிறு கலங்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் பாதாம் தேடுவானேன்?

அண்ணாந்து குடிக்கிற பழக்கத்தையும் மறக்கக் கூடாது. டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி ஊற்றுகிறவருக்குக் கசப்பு தெரிவதற்குள் இரண்டு மடக்கு இறங்கியிருக்கும். உறிஞ்சிக் குடிக்கிறவர் முதல் துளியிலேயே முகம் சுளிப்பார். பாத்திரம் இரண்டுக்கும் ஒன்றுதான், சாவு ஒன்றில்லை.

கசப்பு என்றால் எட்டி. “எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன” என்று கஞ்சனைத் திட்டுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட அந்த மரம் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குச் சொந்தம். அதன் விதையிலிருக்கும் ஸ்ட்ரிக்னைனை 1818-ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லத்தியேவும் கவாந்துவும் பிரித்தெடுத்தார்கள். நரம்பின் கடிவாளத்தை அவிழ்த்துவிடும் விஷம். சின்னச் சத்தத்துக்கும் உடம்பு வில்லாக வளையும். சாவு ஆரவாரமாக நடக்கும் என்பதால் மேடைக்கு ஏற்றது, ஒளித்துவைப்பதற்கு லாயக்கில்லை. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலில், 1920-ல் வந்தது, இதுதான் விஷம். அவருக்கு அது புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை. முதல் உலகப் போரில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, மருந்து கலக்கும் பிரிவுக்கு மாறி, 1917-ல் அதற்கான பரீட்சையும் தேறியவர். அந்த நாவலின் முடிச்சு மருந்துப் புட்டியைத் தினமும் கையில் எடுத்தவருக்கு மட்டுமே தோன்றும் முடிச்சு. மருந்தாளுநர்களின் பத்திரிகை அதைப் பாராட்டி எழுதியது. அந்தப் பாராட்டு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவருடைய இன்னொரு நாவல், 1961-ல் வந்தது, தாலியம் பற்றியது. முடி கொட்டுவதை அதில் அடையாளமாக எழுதியிருப்பார். 1977-ல் கத்தாரிலிருந்து லண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட 19 மாதக் குழந்தைக்கு என்ன நோய் என்று டாக்டர்கள் திணறியபோது, அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருவர் குழந்தைக்கு முடி கொட்டுவதைப் பார்த்துச் சொன்னார்; சோதித்தார்கள், தாலியம்தான், குழந்தை பிழைத்தது. கொலைக்கதையில் அடையாளத்தைச் சரியாக எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு காரணம் வேண்டாம். அடையாளத்தைச் சரியாக எழுது, பக்குவத்தை எழுதாதே. எத்தனை கிராம், எதில் ஊறவைப்பது, எப்படி வடிப்பது என்பதெல்லாம் கதைக்குத் தேவைப்பட்டதே இல்லை. வாசகரும் கேட்டதில்லை.

பாதி குடித்த காப்பி என்று தம்பி எழுதியதைப் படித்தபோது எனக்கு பரோடா நினைவு வந்தது. 1874 நவம்பர் 9. அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக, அதாவது சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியாக, இருந்த கர்னல் ஃபேயர் காலை நடை முடிந்து வந்ததும் பம்பளிமாஸ் சர்பத் குடிப்பது வழக்கம். அன்று இரண்டு மூன்று வாய் குடித்ததும் ஏதோ போலிருக்க, மிச்சத்தை வெளியே வீசிவிட்டார். டம்ளரைக் கீழே வைக்கும்போது அடியில் ஒரு வண்டல். அந்த வண்டலில்தான் வெள்ளைப் பாஷாணமும், அதாவது ஆர்சனிக்கும், வைரப்பொடியும் இருந்ததாகச் சொன்னார்கள். பரோடா மன்னர் மல்ஹர் ராவ் மேல் பழி விழுந்தது. விசாரணைக் குழுவில் ஆறு பேர். மூன்று வெள்ளையர்கள் குற்றவாளி என்றார்கள், மூன்று இந்தியர்கள் நிரூபணம் ஆகவில்லை என்றார்கள். மன்னர் பதவி போனது. வைரப்பொடி தின்றால் குடல் அறுந்து செத்துப்போவார்கள் என்பது வெறும் நம்பிக்கை, ஆனாலும் அந்தப் பொடி யார் அரண்மனையைக் காட்டுகிறது பாருங்கள். கரையாமல் அடியில் தங்கிய ஒரு சிட்டிகை ஒரு சமஸ்தானத்தையே ஆட்டியது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே பானம் என்கிற பழக்கம்தான் அங்கே கதவைத் திறந்துவிட்டது.

ஆர்சனிக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம். வாந்தி, பேதி என்று காலரா மாதிரியே கொல்லும் என்பதால் அதற்குக் காலராக் காலத்தில் நல்ல மறைவு இருந்தது. 1830-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தாத்தாவைக் கொன்றதாக ஒரு பேரன்மேல் வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ் என்கிற வேதியியலாளர் காப்பியில் ஆர்சனிக் இருந்ததைக் கண்டுபிடித்தார். கோர்ட்டுக்கு எடுத்துப்போவதற்குள் மாதிரி கெட்டுவிட்டது, பேரன் விடுதலை. அந்த எரிச்சலில் உழைத்து 1836-ல் மார்ஷ் வெளியிட்ட சோதனை, கண்ணாடிக் குழாயில் பளபளக்கும் கருமையாக ஆர்சனிக்கைப் படியவைத்து ஜூரியின் கண்ணுக்கே காட்டியது. 1840-ல் பிரான்சில் கணவனுக்கு ஆர்சனிக் வைத்துக் கொன்றதாக லஃபார்ஜ் என்கிற பெண்மேல் நடந்த வழக்கில் உள்ளூர் ஆட்கள் சோதித்து ஆளுக்கொன்று சொல்ல, பாரிசிலிருந்து விஷ ஆராய்ச்சியில் பேர்பெற்ற ஓர்ஃபிலா வந்து முறையாகச் செய்து காட்டினார். மண்ணிலிருந்து ஊறியிருக்குமோ என்கிற கேள்விக்கும் கல்லறை மண்ணைத் தனியே சோதித்துப் பதில் சொன்னார். மார்ஷ் சோதனை வந்த பத்திருபது வருஷத்தில் நம் மதராஸும் விழித்துக்கொண்டது. 1849-லேயே இங்கே அரசு ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் வந்துவிட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அது. சேலத்திலும் இப்போது அதன் வட்டார ஆய்வகம் உண்டு.

இதைச் சொன்னதும் எல்லாக் கற்றுக்குட்டிகளும் கேட்கிற கேள்வி: “கண்டுபிடிக்கவே முடியாத விஷம் ஏதாச்சும் இருக்காங்கண்ணா?” ஆய்வகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் கேள்வியே மாறிப்போகும். பிரேதப் பரிசோதனையில் இரைப்பை, சிறுகுடலின் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகம், ரத்தம் இவற்றிலிருந்து மாதிரி எடுத்து, பெரும்பாலும் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டு, சீல் வைத்து அனுப்புகிறார்கள். போலீஸ் பேச்சில் அது விசெரா. கூடவே அந்த உப்புக் கரைசலிலும் தனியாக ஒரு புட்டி போகும், விஷம் அதிலிருந்து வரவில்லை என்று காட்டுவதற்கு. எல்லா விஷத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் ஒற்றைச் சோதனை கிடையாது. அதனால் போலீஸும் டாக்டரும் எழுதி அனுப்பும் குறிப்புக்கு அத்தனை மதிப்பு. என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, முதலில் வாந்தியா வலிப்பா? அந்தக் குறிப்பை யார் சொல்லக் கேட்டு எழுதினார்கள்? வீட்டில் இருந்தவர் சொல்லக் கேட்டுத்தான். கொலைகாரன் ஆய்வகத்தை ஏமாற்ற வேண்டியதில்லை, அந்தத் தாளில் ஒரு வரியைத் திருப்பிவிட்டால் போதும். என் கதைகளில் நான் அதிகம் உழைப்பது அந்த ஒரு வரிக்குத்தான்.

காகிதங்கள் நம் வழியில் நகர்வதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் பதிவு போடுவார்கள்: கொண்டுவந்தவர் யார், என்ன நடந்ததாகச் சொல்கிறார். பதற்றத்தில் சொன்ன அந்த முதல் பேச்சு அப்படியே தங்கிவிடும். செத்துவிட்டால் சந்தேக மரணம் என்று வழக்கு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 194. ஸ்டேஷன் பேச்சில் இன்னும் “174 போட்டாச்சு” என்றுதான் காதில் விழுகிறது. விசெரா அறிக்கை வந்து விஷம் என்றால் பிரிவை மாற்றுவார்கள். கொலைக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 302, இப்போது அதற்குப் பதிலாக வந்த சட்டத்தில் 103. அறிக்கைக்குக் காத்திருக்கும் அந்த இடைவெளியில் எஸ்டேட் கைமாறலாம், சாட்சி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகலாம். இங்கிலாந்தில் புதைத்ததைத் தோண்டிப் பார்த்த கதைகள் ஏராளம், நாம் எரித்துவிடுகிறோம். “ராத்திரிக்குள்ள எடுத்துடலாம்” என்று சாவு வீட்டில் அவசரப்படுத்துகிற குரல் யாருடையது என்று நல்ல வாசகர் அங்கேயே அடிக்கோடு போட்டுக்கொள்வார்.

விஷக் கொலையை நிரூபிக்க என்ன வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1984-ல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்குத் தீர்ப்பு. விஷம் கொடுக்கக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெளிவான நோக்கம் இருந்ததா, செத்தவர் அந்த விஷத்தால்தான் செத்தாரா, விஷம் குற்றம் சாட்டப்பட்டவர் கைவசம் இருந்ததா, கொடுக்க அவருக்குச் சந்தர்ப்பம் இருந்ததா. இந்த நான்கும் வேண்டும். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை ஆனார். துப்பறியும் கதை எழுதக் கற்றுத்தருகிற எந்தப் பாடத்தைவிடவும் இந்த நான்கு வரி மேல். ஐந்து சந்தேக நபர்களை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒன்று குறையட்டும். மருமகனுக்கு நோக்கம் உண்டு, ஆனால் அன்று கீழே சேலத்தில் இருந்தான். முலாம் பட்டறை வைத்திருக்கும் மைத்துனன் கைவசம் சயனைடு உண்டு. 1919-ம் வருஷத்து விஷச் சட்டத்தின் வழி உரிமமும் கணக்கும் வேண்டும், கணக்கும் பைசா சுத்தம். சமையற்காரம்மாவுக்குச் சந்தர்ப்பம் தினமும் மூன்று வேளை, நோக்கம்தான் இல்லை. அல்லது இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது நிபந்தனையோடு மோதிப் பார்த்த வழக்கு ஒன்றும் இருக்கிறது. 1956 நவம்பர் 12 இரவு, புனேயிலிருந்து பம்பாய்க்கு ரயில். சர்க்கரை நோயுள்ள விதவை ஒருவரும், அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமான டாக்டர் லாகுவும் பயணம். விடியும்போது அந்த அம்மாளுக்கு நினைவில்லை. டாக்டர் அவரை வேறு பெயரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்று பகலே செத்துப்போனார். உடல் கேட்பாரற்றுக் கிடந்தது. பிரேதப் பரிசோதனை நாள் கழித்து நடந்தது, ரசாயனப் பரிசோதனையில் எந்த விஷமும் அகப்படவில்லை. இங்கே நிறுத்தியிருந்தால் ‘கண்டுபிடிக்க முடியாத விஷம்’ ஜெயித்திருக்கும். டாக்டர் நிறுத்தவில்லை. அந்த அம்மாள் மறுமணம் செய்துகொண்டு வடக்கே குடியேறிவிட்டார் என்று கதை கட்டினார். செத்தவர் எழுதியதுபோல் கடிதங்கள் உறவினர்களுக்கு வந்தன. சொத்துகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் சம்மதிக்கவில்லை, இருவர் மரண தண்டனையை உறுதி செய்தார்கள். விஷமே அகப்படாத விஷக் கொலை, அகப்படுத்தியது தபால்.

பாம்பு விஷத்தைப் பாலில் கலந்து கொடுக்கும் காட்சி இன்னும் மாதம் ஒன்றாவது எனக்கு வருகிறது. தமிழில் இரண்டுக்கும் விஷம் என்றே பெயர் இருப்பதால் வரும் குழப்பம். பாம்பின் விஷம் ரத்தத்தில் ஏற வேண்டியது. பெரும்பாலும் புரதம், வயிற்றில் செரித்துப்போகும். பாம்பையே ஆயுதமாக்கிய வழக்கு கேரளத்தின் கொல்லத்தில் நடந்தது, 2021-ல் தண்டனையும் ஆனது. பொம்மைக் கையில் கோழி இறைச்சியைக் கட்டி, நிஜ நாகத்தைக் கடிக்கவைத்து, தானாகக் கடித்தால் பல் தடத்துக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, தலையை அழுத்திக் கடிக்கவைத்தால் எவ்வளவு என்று அளந்தார்கள். இந்தச் சோதனையை நான் கதையில் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள்.

சேங்கொட்டையும் அப்படித்தான். வண்ணார் துணிக்குக் குறிபோட்ட கொட்டை. அதன் சாறு பட்ட இடம் கன்றிப்போய் அடிபட்ட காயம் மாதிரியே தெரியும். பொய் அடிதடி வழக்குக்காக அதைப் பூசிக்கொண்டு வந்தவர்கள் கதை மருத்துவச் சட்டப் பாடத்தில் உண்டு. கன்றிய இடத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும், சொறிந்த விரல் நுனியிலும் அதே கறை இருக்கும். கொலைகாரனின் விரல் நுனியை இன்ஸ்பெக்டர் எதற்காகவோ பார்க்கிறார் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு, நூறு பக்கம் கழித்துத் திரும்பி வரலாம்.

ஏற்காட்டை ஏன் இந்தக் கதைகளுக்கு விரும்புகிறேன் என்றால், அங்கே பாதையே ஒரு கடிகாரம். ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி ஏறிய மலை. சேலத்துக்கு முப்பது கிலோமீட்டர் சுமார், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. மேலே முதலுதவி கொடுத்து, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னால் 108 வண்டி அத்தனையும் திரும்பித்தான் இறங்க வேண்டும். எந்த வளைவில் பேச்சு நின்றது, எதில் வலிப்பு வந்தது என்று வண்டியில் கூட வந்தவர் சொல்வதைப் பின்னோக்கி எண்ணினால் எத்தனை மணிக்கு வாய்க்குள் போயிருக்கும் என்பதன் பக்கத்தில் வந்துவிடலாம். மழையில் மண் சரிந்துவிட்டால் குப்பனூர் வழி. அப்போது கணக்கே வேறு. மண் சரியும் என்று முன்கூட்டியே தெரிந்தவன் ஒருவன் இருந்தால், அவன் விஷத்தைத் தேர்ந்தெடுத்திருக்கவே வேண்டியதில்லை, நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி இரண்டாம் படியோடு வந்தான். பாதாம் போய்விட்டது. பங்களாவில் அன்று முதலாளிப் பெரியவரின் அப்பாவுக்குத் திதி. மதில்மேல் வைத்த சோற்றைக் காக்காய் தின்றுவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு காப்பி. இறந்தவர் மனைவி “மருந்து குடுத்தேன்” என்று சொல்கிறாள், எந்த மருந்து என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பதாம் வளைவில் பெரியவர் டிரைவரிடம் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். சமையல்கட்டில் மூன்று டம்ளர்கள் எச்சிலோடு கிடக்கின்றன. நாலாவது கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

“யாரு கழுவுனது?” என்றேன்.

“அதத்தாங்கண்ணா இன்னும் முடிவு பண்ணல.”